தின்று காட்டியவர்

...பினாயில் என்றால் நாற்றம் மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், இல்லை, அதற்கு ஒரு களையும் உண்டு, தண்ணீர் கலந்து ஊற்றினதும் பால் மாதிரி வெளுத்துக்கொண்டு கறுப்புத் திராட்சைக் குலைகளின் இடுக்கெல்லாம் புகுந்து இறங்குகிறது, சுற்றி நிற்கிற ஜனமும் முருகனுக்குப் பாலாபிஷேகம் பார்க்கிற மாதிரி வாயைத் திறக்காமல் நிற்கிறது, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் குறை. கடைக்காரர் ஹிதாயத்துல்லா பாய் தன் தராசை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். தராசை ஏன் பிடித்திருக்கிறார்... அதை யாரும் கேட்கவில்லை, பழத்தைத்தான் கேட்டார்கள், ஆனாலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் மனுஷன் எப்படி உட்காருவது? மாநகராட்சிக் குப்பை வண்டி பின்பக்கமாக வந்து நிற்கிறது, குலை குலையாக அள்ளிப் போடுகிறார்கள், அடியில் பரப்பியிருந்த பனியன் வேஸ்ட் துணியையும் சேர்த்து அள்ளுகிறார்கள், இந்த ஊரில் வைக்கோலுக்கு எங்கே போவது, கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற வெள்ளைத் துண்டுகள்தான் எங்களுக்கு வைக்கோல், திராட்சை அதன் மேல்தான் படுத்திருக்கும், குழந்தையைத் துணி விரித்துப் படுக்கவைத்த மாதிரி... குழந்தை என்று இப்போது ஏன் நினைத்தேன், வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், கம்பெனி வேன் வர இன்னும் நேரம் இருக்கிறது.

சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சம்பளம், பனியன் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இந்த ஸ்டாப்பில் ஆட்களை உதிர்த்துவிட்டுப் போகும், இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பாய் கடைதான். அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள் உணவுப் பாதுகாப்புக்காரர்கள். கழுத்தில் தொங்குகிற அட்டையில் ஜெயபாரதி என்று பெயர் போட்ட அதிகாரியம்மா, என் பேத்தி வயதுதான் இருக்கும், குரலை உயர்த்தாமல் பேசுகிறார். போன மாதம் இதே கடையிலிருந்து ஒரு குலை எடுத்துப்போய் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்களாம், முடிவு நேற்றுத்தான் வந்ததாம், பூச்சிமருந்து அளவுக்கு மேல் தங்கியிருக்கிறதாம், அதிலும் ஒன்று அடிக்கவே கூடாது என்று தடை போட்ட மருந்தாம், மொத்த மண்டியிலிருந்து அந்தத் தோட்டத்துச் சரக்கு எந்தெந்தக் கடைக்குப் போனதோ அத்தனை கடையிலும் இன்றைக்குப் பறிமுதலாம். தோட்டத்துக்காரர் செய்ததற்கு உங்களைத் தப்புச் சொல்லவில்லை என்று பாயிடம் அவர் சொன்னபோது பாய் தலையை ஆட்டினார், தப்பு யாருடையது என்று தெரிந்தால் மட்டும் தலை ஆடாமல் இருக்குமா? எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வகத்துக்குப் போன குலைக்குப் பக்கத்துக் குலை எங்கே? அதன் கூடவே அதே பெட்டியில் வந்ததெல்லாம் எங்கே? மாட்டிக்கொண்டது அந்தத் திராட்சை, பினாயில் குளிப்பது இந்தத் திராட்சை. அதைத் தேடிப்போய் ஊற்றுவதென்றால் எங்கே ஊற்றுவார்கள், யார் யார் வயிற்றில்...

பெரியவர் யாருங்க என்று என்னைக் கேட்டார் அந்த அம்மா. ரத்தினசாமி, சோமனூர்க்காரன், நிட்டிங் மெஷின் பிட்டராக இருந்து ஓய்ந்தவன் என்றேன், அதுவரைக்கும் உண்மை. இந்த ஸ்டூலில் தினமும் உங்களுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தின்பது. அதுதான் வேலை. காலையில் வந்து உட்கார்ந்தால் ஒரு குலையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிள்ளி வாயில் போட்டபடி, போகிறவர் வருகிறவரிடம் கதை விடுவேன். ஒருவன் ருசித்துத் தின்பதைப் பார்த்தால் நிற்கிறவனுக்கு வாய் ஊறும், இது பாய் கண்டுபிடித்த வியாபாரம், நீங்க சும்மா உக்காந்து தின்னுங்ணா, லைட்டுப் போட்டு போர்டு வெச்சாக்கூட இப்படி ஓடாது என்பார். நானும் தின்றேன். என் அம்மாவைப் பெத்த அப்புச்சிக்கு இந்தத் திராட்சையைத் தின்றுதான் தொண்ணூறு வயதில் பல் முளைத்தது என்பேன், முளைத்தது பால்பல், அது விழுந்து அடுத்த பல் வருகிற வரைக்கும் சாகச் சம்மதிக்க மாட்டேன் என்று எமனை வாசலில் உட்காரவைத்துவிட்டார் என்பேன், சொல்லும்போது முகத்தில் ஒரு நரம்பு அசையாது. நொய்யல் ஆறு சாயத்தண்ணியால் ஊதாவாக ஓடின காலத்தில் வெள்ளை வேட்டியைக் காலையில் முக்கிக் காயப்போட்டு மத்தியானம் ஜீன்ஸ் துணியாக ஏற்றுமதி பண்ணினேன் என்பேன், ஆர்டர் கொடுத்த வெள்ளைக்காரன் நேரில் வந்து பார்த்துவிட்டு ஆற்றையே விலைக்குக் கேட்டான் என்பேன், ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள் துப்பட்டாவை வாயில் அமுக்கிக்கொண்டு சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே ஒரு குலை வாங்குவார்கள். அந்தக் கதையில் வேட்டியும் வெள்ளைக்காரனும்தான் பொய். ஆறு ஊதாவாக ஓடியது பொய்யில்லை. ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு, எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று பாலத்தில் நின்றே தெரிந்துகொள்வோம், அதையும் சிரிப்பாக்கிக்கொண்டோம். அந்தத் தண்ணீரைக் குடித்த மாட்டைப் பற்றி நான் ஒரு கதையும் விட்டதில்லை. ஏன் விடவில்லை? இப்போதுதான் தோன்றுகிறது, எங்கே பொய் சொல்லலாம், எங்கே கூடாது என்று எனக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தே இருந்தது என்றால் அன்றைக்கு மட்டும் எப்படி...

கதை விடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு உண்டு, யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை, நான் நம்புகிற மாதிரிச் சொல்வேன், நீ நம்பாமல் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது, எவ்வளவு மரியாதையாக ஒருவன் ஆமாங்க, மெய்தானுங்க என்று சொல்கிறானோ அவ்வளவுக்கு உஷாராகிவிடுவார்கள். வேல்விழி இந்த ஊர்க்காரி இல்லை. விருதுநகர்ப் பக்கம், கல்யாணமாகி வந்து கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள், பீஸ் பீஸாகத் துணியைப் புரட்டி ஓட்டை தேடுகிற வேலை. மாசமாக இருக்கிறாள். வாந்தி நிற்க வேண்டிய மாதம் தாண்டியும் நிற்கவில்லை, சோறு தங்கவில்லை, இந்தப் புளிப்பும் இனிப்பும் மட்டும்தான் உள்ளே நிற்கிறது என்று தினமும் வேனை விட்டு இறங்கினதும் ஒரு குலை வாங்குவாள், ஊட்டுக்கு எடுத்துப்போகிற பொறுமைகூட இருக்காது, இங்கேயே நின்று பாதியைத் தின்றுவிடுவாள். முன்னால் ஒன்று தங்காமல் போய்விட்டது என்று அவளே ஒரு தடவை சொன்னாள், இந்த வருஷம் மழையில்லை என்று சொல்கிற குரலில். அந்தப் பெண்தான் ஒரு சாயங்காலம் பழத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்ன தாத்தா வெள்ளையா ஒட்டியிருக்கு, கழுவித்தான் திங்கணுமோ என்று கேட்டாள். நான் யோசிக்கவேயில்லை, கேட்ட வேகத்தில் வாய் திறந்துகொண்டது, அது மலைப்பனி கண்ணு, பழனி ஆண்டவன் ராத்திரி திருநீறு பூசறப்பக் காத்துல பறக்கறது தோட்டத்துல எறங்குது, கழுவுனா சத்துப் பூராம் தண்ணியோட போயிரும் என்றேன். அப்படியா தாத்தா என்றாள். சிரிக்கவில்லை. கழுவாமல் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் சிரிக்காததை நான் பார்த்தேனா? பார்த்தேன். பார்த்துவிட்டு, சரி, நாளைக்குச் சிரிப்பாள் என்று அடுத்த ஆளிடம் அப்புச்சியின் பல்லை ஆரம்பித்துவிட்டேன். திராட்சை மேல் தானாகவே ஒரு வெள்ளை பூக்கும், அது யாருக்கும் தெரிந்ததுதான், ஒரு கெடுதலும் இல்லை. அன்றைக்கு அவள் விரலில் ஒட்டினது அதுவா, இன்னொன்றா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணுக்கே தெரியாமல் உள்ளே இறங்கியிருப்பது எத்தனையோ.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று அதிகாரியம்மா கேட்டதும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நிமிஷமே அவசர வேலை வந்துவிட்டது, டீக்கடைச் செங்கோட்டையன் கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடி கழுவுகிறான். கூட வாழ்கிறவர்கள், நாளைக்கும் பாய் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள், எப்படிப் போடுவார்கள்? விசாரணை முடிகிற வரைக்கும் கடையைத் திறக்கக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் என்னிடம்தான் வந்தார். உங்க கண்ணு முன்னாலதான எடுத்தோம், அதுக்கு மட்டும் ஒரு கையெழுத்துங்க பெரியவரே என்றார். நான் பாயைப் பார்த்தேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, போடுங்ணா, கண்ணால பாத்ததத்தான கேக்கறாங்க என்றார். போட்டேன். நான் சொன்னதை முதல் தடவையாக அரசாங்கம் நம்புகிறது, அதற்கு எனக்குக் கொஞ்சம் பெருமை வந்திருக்க வேண்டும், வரவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏனுங்க அம்மணி, இதத் தொடந்து தின்னுட்டிருந்தா என்னங்க ஆகும் என்று கேட்டேன். எவ்வளவு தின்றார்கள், எத்தனை நாள், ஆள் எப்படி என்பதைப் பொறுத்தது, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார், போகத் திரும்பினவர் நின்றார். “மாசமா இருக்கறவங்க யாராச்சும் வாங்கிட்டுப் போயிருந்தா இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லீருங்க. நாளைக்குன்னு வெக்க வேண்டாமுங்க.” பாய் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே முகம் வந்து நின்றது.

குப்பை வண்டி போய்விட்டது, ஜீப்பும் போய்விட்டது, ஈரத் தரையும் நாற்றமும் நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். எப்படிச் சொல்வது... முதலில் சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டுவிட்டு, மெதுவாக, இன்றைக்குப் பழமில்லை, ஏனென்றால்... இல்லை, நேராகச் சொல்லிவிட வேண்டும். நேராகச் சொல்வது எப்படி? எனக்கு வேறு குரல் கிடையாது, அப்புச்சிக்குப் பல் முளைத்ததையும் இதே குரலில்தான் சொன்னேன், செத்த வீட்டுக்குப் போனாலும் என்னைப் பார்த்ததும் நாலு பேர் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். பாயைச் சொல்லச் சொல்லலாமா? அவர் தன் கடையைப் பற்றித் தானே எப்படிச் சொல்வார்? அவளுக்கு அந்தப் பனிக் கதையைச் சொன்ன வாய் எது, அதுதான் சொல்ல வேண்டும். அவள் அழுவாளா, திட்டுவாளா, திட்டினால் நல்லது, நாலு பேர் பார்க்க மண்ணை வாரித் தூற்றட்டும், தூற்றிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் போதும்... வேன் வந்துவிட்டது. ஒவ்வொருத்தராக இறங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு காலிக் கடையைப் பார்த்தபடி நகர்கிறார்கள், அவள் கடைசியில் இறங்குகிறாள், ஒரு கை கதவில், ஒரு கை வயிற்றில். நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, “என்ன தாத்தா, கடையவே கழுவி விட்டுட்டீகளா” என்றாள்.

சொன்னேன். ஒரே மூச்சில், எங்கும் நிறுத்தாமல், நிறுத்தினால் வாய் தானாக வேறு பக்கம் திரும்பிவிடும் என்று பயந்து. பழத்தில் மருந்து இருந்தது, அரசாங்கம் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது, போன மாதத்துப் பழத்திலேயே இருந்திருக்கிறது, நீ இன்றைக்கே போய்க் காட்ட வேண்டுமாம், பனி என்று நான் சொன்னது பொய், திருநீறும் பொய், கழுவ வேண்டாம் என்றது பெரிய பொய். அவள் முகத்திலிருந்து துணியை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள், கண் மட்டும்தான் தெரிந்தது. பாயைப் பார்த்தாள், பாய் தரையைப் பார்த்தார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பனிதான?” என்றாள். “அத நான் எப்ப தாத்தா நம்புனேன். அன்னைக்கே வீட்டுல அவுககிட்டச் சொல்லி ரெண்டு பேரும் அந்தச் சிரிப்புச் சிரிச்சோம்.”

பின்னே ஏங்கண்ணு கழுவாமத் தின்னே என்றேன்.

“நீங்க கழுவாமத்தான தின்னீக.” குரலில் கோபம் இல்லை, கணக்குத் தப்பாகப் போனது எங்கே என்று சேர்ந்து தேடுகிற மாதிரித்தான் இருந்தது. “நீங்க சொல்லுறதெல்லாம் பொய்யின்னு ஸ்டாப்புல எல்லாருக்கும் தெரியும். ஆனா சொல்லிக்கிட்டே ஒண்ணொண்ணா வாயில போட்டுக்கிட்டு இருந்தீகளே தாத்தா... அது பொய்யில்லையே.”

அது பொய்யில்லை. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் இந்த ஸ்டூலில் நான் செய்த ஒரே நிஜமான காரியம் அதுதான், நிஜமாகவே தின்றேன், நிஜமாகவே இனித்தது, என் ஊட்டுக்கும் இதே பழம்தான் போயிற்று. சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு நிஜத்தை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறாள், ஓட்டை தேடிப் பழகின கண் அல்லவா, ஓட்டையெல்லாம் விலக்கிவிட்டு நல்ல துணியாகப் பார்த்து எடுத்திருக்கிறாள், அந்த நல்ல துணியில்தான்... பொய்யினால் ஆன கெடுதல் என்றால் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று முருகன் பேரில் சத்தியமாவது பண்ணலாம், தின்றதற்கு என்ன சத்தியம் பண்ணுவது? நான் ஒரு வார்த்தை பேசாமல் ஊமையாக உட்கார்ந்து தின்றிருந்தாலும் அவள் தின்றிருப்பாள். இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

அவள் இன்னும் போகவில்லை. துணியை முகத்திலிருந்து இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உங்களுக்கு ஏதாச்சும் செய்யுதா தாத்தா?” என்றாள்.

எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்தது. என்னைவிட யார் அதிகமாகத் தின்றது, எனக்கே ஒன்றுமில்லை என்றால் அவளுக்கு எதற்கு இருக்கப்போகிறது, ஒன்றுமில்லை என்ற ஒரு சொல்லுக்காக அவள் உடம்பு முழுக்க என் பக்கம் சாய்ந்து நிற்கிறது, சொன்னால் ஊட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாள், ஆஸ்பத்திரி என்றால் போன தடவை அங்கே கேட்ட சேதிதான் அவளுக்கு நினைவு வரும், போகாமலிருக்க ஒரு காரணம்தான் தேடுகிறாள். எத்தனை சுலபம், கல்லைத் தின்னாலும் கரைக்கிற வயிறு கண்ணு இது என்று ஆரம்பித்தால் போதும். உனக்கு என்ன செய்கிறது என்று நான் என்னையே கேட்டுப் பார்த்தேன், கேட்டு எத்தனை நாளாயிற்று? விரல் நுனிகள்... ஏதோ இருக்கிறது, எறும்பு ஊர்கிற மாதிரி, நாக்கின் ஓரம் தடித்து, வாயில் வேறு ஒருவனுடைய நாக்கு கிடக்கிற மாதிரி. “கை வெரலெல்லாம் மரமரங்குது கண்ணு” என்றேன். “நாக்குத் தடிச்சுக் கெடக்குது. நீ ஊட்டுக்குப் போகாதே. இப்படியே பஸ் ஏறு.” அவள் என் விரல்களையே பார்த்தாள். சிரிப்பாளோ என்று பயந்தேன், சிரிக்கவில்லை. போனை எடுத்து அவுகளைக் கூப்பிட்டபடியே சாலையைத் தாண்டினாள், ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற டவுன் பஸ் வந்ததும் யாரோ கை கொடுத்து ஏற்றிவிட்டார்கள், பஸ் போய்விட்டது.

பாய் எழுந்து வந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு, “மெய்யாலுமே மரமரங்குதுங்ளாண்ணா” என்று கேட்டார், “இல்ல, அந்தப் புள்ளய அனுப்பறதுக்காகச் சொன்னீங்களா?” நான் விரல்களை மடக்கினேன், விரித்தேன், கட்டைவிரலால் ஒவ்வொரு நுனியையும் தேய்த்துப் பார்த்தேன். இருக்கிறது... இருக்கிறதா? காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது இருந்ததா, அவள் கேட்டதற்கு முன்னால் இருந்ததா, கேட்டதனால் வந்ததா? அவள் போக வேண்டும் என்று நான் நினைத்தேன், நினைத்த அந்த நொடியில் விரலில் எறும்பு ஊர்ந்தது, எது முதலில்? வேறு ஒருத்தர் சொல்லியிருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன், யார் விடுகிறார்கள், யார் மெய் பேசுகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. தெரியலீங்க பாய் என்றேன். அவர் என் முகத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார், நானும் அவர் என்ன கண்டுபிடிக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.